துளிர்த்த அத்திப் போத்து ஏன் காய்ந்துபோகிறது?

தபாலில் வந்த சீமை அத்திப் போத்தை (நடுவதற்காக வெட்டிய குச்சியை) நட்டேன், சீக்கிரமே துளிர்த்தது, பிறகு வாடிக் கருகிவிட்டது, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். துளிர் வந்தாலே பிழைத்துவிட்டது என்று பொருளல்ல. குச்சியில் இருப்பில் இருந்த மாவுச்சத்தையும் நீரையும் கொண்டு விரிந்த இலைகள் அவை. வேர் வருமுன் இலைவழியே நீர் போய்விட்டால் குச்சி காயும்.

வேர்விடத் தூண்டுவது ஆக்சின் என்ற ஹார்மோன். மொட்டும் இளம் இலையும் அதைத் தயாரிக்கின்றன. செல்சுவரில் அமிலத்தன்மை சற்று அதிகம் என்பதால் அங்கே ஆக்சினின் ஒரு பகுதி மின்னூட்டமின்றி இருக்கும். சவ்வைக் கடந்து எளிதாகச் செல்லுக்குள் புகுந்துவிடும். உள்ளே அமிலத்தன்மை குறைவு. புகுந்ததும் புரோட்டானை இழந்து மின்னூட்டம் பெறுகிறது; வந்த வழியே திரும்ப முடியாது. வெளியேற ‘பின்’ (PIN) எனப்படும் புரத வாயில்கள்தான் முக்கிய வழி. தண்டின் கடத்துதிசுவில் அவை செல்லின் அடிப்பக்கமாகவே அமைந்திருக்கின்றன! அதனால் செல்லுக்குச் செல் தாவி, மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில், ஆக்சின் கீழ்நோக்கியே இறங்குகிறது. வெட்டுவாயில் பாதை முடிவதால் அங்கே தேங்கி, கேம்பியத்தை (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் மெல்லிய திசுவை) ஒட்டிய செல்களைப் பிரிந்து பெருகவைத்து வேர்க்கருக்களை உருவாக்குகிறது.

இந்தக் ‘கீழ்’ திசுவிலேயே பதிந்தது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மான் ஃபோக்டிங் வில்லோ குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்து 1878இல் எழுதினார்: அப்போதும் பழைய அடிமுனையில்தான் வேர் பலமாக வந்தது. எனவே போத்து அனுப்புகிறவர் அடியைக் கணுவுக்குக் கீழே நேராகவும், நுனியைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும். தலைகீழாக நட்டுக் கெடுவதை இது தடுக்கும்.

பென்சில் பருமன், 15–20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள் போதும். வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி, நுனியில் மெழுகு வையுங்கள். அடியை 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2000 பங்கு) ஐபிஏ என்ற செயற்கை ஆக்சின் பொடியில் தொட்டு நடலாம். நடும் கலவைக்கு, உப்பு போகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் (பொரிபோன்ற எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) சரிபாதி. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். அதற்கு மேல் ஈரமிருந்தால் காற்றில்லாமல் அடி அழுகும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கப்பில் நட்டு, மேலே பையால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சுமார் 25 டிகிரி வெப்பம் நல்லது. மே மாதம் வேண்டாம். வளர்பிறை பார்ப்பவர்கள் அந்த அக்கறையை வெப்பமானியில் காட்டினால் பலன் கிடைக்கும். பிஞ்சு வந்தால் கிள்ளிவிடுங்கள். இலைகளை முழுக்கப் பறிக்காதீர்கள், ஆக்சினும் உணவும் அவற்றிலிருந்துதான் வரவேண்டும், ஒன்றிரண்டை விடுங்கள்.

வாங்குமுன் தாய்ச்செடியின் இலைப்படம் கேளுங்கள். மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அத்தி மொசைக் வைரஸாக இருக்கலாம். போத்தோடு வந்துவிடும், எந்த மருந்துக்கும் போகாது. எரியோஃபிட் என்ற மிக நுண்ணிய சிலந்தி வகை அதைப் பக்கத்து அத்திச் செடிக்கும் கொண்டுபோகும். வைரஸ் சோதித்த தாய்ச்செடித் தோட்டங்களுக்கு அரசு நிதி ஒதுக்கியே ஆக வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை அல்ல இது.

கப்பின் சுவரில் வெள்ளை வேர் கிளைத்துப் பழுப்பேறத் தொடங்கியதும் தொட்டிக்கு மாற்றலாம். பையை ஒரே நாளில் எடுக்காமல் தினமும் கொஞ்ச நேரம் திறந்து பழக்குங்கள்.