விலையை மறைத்துவிட்டுச் சுவைத்துப் பாருங்கள்

நட்சத்திர ஓட்டல்களில் ஒயின் பரிமாறப்போகிற பிள்ளைகளுக்குப் பெங்களூரில் பயிற்சி கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதுவரை ஒயினை வாயில் வைத்தே இருக்கமாட்டார்கள். மற்றவர்கள் குடித்ததும் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்குத் தெரிந்தவர் வீட்டில் கொடுத்த இனிப்பு ஒயினாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாருமே சில நம்பிக்கைகளோடு வருகிறார்கள். விலை ஏற ஏறச் சுவை ஏறும், நாள்பட்டால் தரம் கூடும், பிராந்தி விஸ்கி மாதிரி இல்லை, ஒயின் உடம்புக்கு நல்லது. இதையெல்லாம் நம்பிக் கடைக்குப் போகிறவர் பணத்தையும் விடுவார், உடம்பையும் கெடுத்துக்கொள்வார். அதனால் முதல் வகுப்பில் விலை உயர்ந்த பாட்டிலை நான் திறப்பதில்லை. கடையில் கிடைப்பதிலேயே குறைந்த விலை ஒயின்களில் மூன்று நான்கை வாங்கி, பாட்டிலைத் துணியால் சுற்றி, யாருக்கும் பெயரும் விலையும் தெரியாமல் ஊற்றுகிறேன்.

ஏன் மறைக்க வேண்டும்? பிரான்சின் போர்தோ நகரில் நடந்த ஒரு ஆய்வு 2001-ல் வெளியானது. ஒயின் படிப்பு படிக்கிற மாணவர்கள் 54 பேருக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற மணங்களை எழுதிக்கொடுத்தார்கள். 2008-ல் கலிஃபோர்னியாவில் இன்னொரு ஆய்வு. ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று கேட்டவர்களுக்கு அது கூடுதலாகப் பிடித்தது. அவர்கள் அதை வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை. மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், இன்பத்தை உணரும் பகுதியே கூடுதலாக வேலை செய்திருந்தது. அதாவது விலை தெரிந்துவிட்டால் அது சுவைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. அதே ஆண்டு, 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளை வைத்து நடந்த வேறோர் ஆய்வில், விலை தெரியாமல் சுவைத்த பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது.

நம் நாட்டில் விலையை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா பல ஆண்டுகளாக 150 சதவீதம் சுங்கவரி போட்டு வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் கடைசியில் நடைமுறைக்கு வந்தபோதுகூட, இறக்குமதி விலை 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்குத்தான் அது 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75 சதவீதமாகவும் குறைந்தது. அதற்கு மேல் மாநில வரி, கடைக்காரர் லாபம், ஓட்டல் என்றால் ஓட்டலின் லாபம். ஆகவே இங்கே 2,000 ரூபாய் கொடுத்து மரியாதையோடு வாங்குகிற பாட்டில், அது பிறந்த ஊரில் தினமும் சாப்பாட்டோடு குடிக்கிற சாதாரண ஒயினாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதே பணத்தில் பாதியைக் கொடுத்து நாசிக், சோலாப்பூர், நந்தி மலைப் பக்கத்து ஒயின் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். துணி விலகும்போது வகுப்பில் எழுகிற சத்தம் பெரும்பாலும் இந்த ஜோடிக்குத்தான்.

சரி, மலிவான ஒயின் எப்படி மலிவாகிறது? ஒரு ஏக்கரில் கொடி தாங்குகிற மட்டும் காய்க்க விடுவார்கள். பழத்தின் சாரம் கொஞ்சம் நீர்த்துப்போகும். வெளிநாடுகளில் இயந்திரம் பறிக்கும். கிட்டத்தட்ட 24,000 லிட்டர் பிடிக்கிற ராட்சதப் பையில் ஒயினை ஊற்றிக் கப்பலேற்றி, போய்ச் சேருகிற நாட்டில் பாட்டிலில் அடைப்பார்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாய் விலை அதிகம் என்பதால், எஃகுத் தொட்டிக்குள் ஓக் மரச் சீவல்களைப் போட்டு வெனிலா மணத்தை வரவைப்பார்கள். இதில் எதுவும் உடம்புக்குக் கூடுதல் கெடுதல் இல்லை. கசப்பையும் வெறுமையையும் மறைக்கக் கொஞ்சம் சர்க்கரை விடுகிற பழக்கமும் உண்டு. புதியவர்களுக்கு அந்த இனிப்பு உடனே பிடித்துப்போகும். அது பழத்தின் சுவையா, சர்க்கரையா என்று பிரித்தறிவதுதான் மலிவு ஒயினைப் படிக்கிறவர் பழக வேண்டிய முதல் விஷயம். வழி எளிது. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். நாக்கில் இனிப்பு அப்படியே இருந்தால் சர்க்கரை இருக்கிறது. மூக்கை விட்ட பிறகுதான் இனிப்பது போலத் தோன்றுகிறது என்றால், அது பழமணம் செய்கிற வேலை.

ஒப்பிடும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறுபட வேண்டும். ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த மலிவு விலை ஒயின் இரண்டு, இருவேறு ஆலைகளுடையது, ஒரே ஆண்டு அறுவடை. அடுத்த முறை ஒரே ஆலையின் ஷெனின் பிளாங்கும், இன்னொரு வெள்ளைத் திராட்சையான சோவின்யோன் பிளாங்கும். இப்படிப் போனால் எது திராட்சையின் குணம், எது ஆலையின் கைவண்ணம் என்று பிடிபடும். வெள்ளையையும் சிவப்பையும் இனிப்பையும் ஒரே மேசையில் குவித்தால் தலைவலிதான் மிஞ்சும். கிளாஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். தொழில்முறைச் சுவைப்புக்கென ஒரு சர்வதேசத் தர அளவு கிளாஸ் உண்டு. 215 மில்லி பிடிக்கும், அதில் 50 மில்லிதான் ஊற்றுவோம். வீட்டில் அதுகூட வேண்டாம், 30 மில்லியே போதும். அறையில் ஊதுபத்தி, சென்ட், தாளிப்பு வாசனை இருக்கக் கூடாது. காபி குடித்த வாய்க்கும் வெற்றிலை போட்ட வாய்க்கும் எதுவும் தெரியாது.

சூட்டை நம் ஊரில் யாரும் கவனிப்பதில்லை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, சென்னை மே மாத வெயிலில் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுகிறார்கள். அந்த அறிவுரை குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது. சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி. 32 டிகிரியில் ஊற்றிய சிவப்பு ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தாலே அதே ஒயின் வேறு ஒயினாகிவிடும். குளிர் அதிகமானால் ஒயினின் மணம், குறைபாடு இரண்டுமே மறைந்துவிடும். ஜில்லென்று குடியுங்கள் என்று சொல்லி விற்கிற மலிவு வெள்ளை ஒயினைக் கொஞ்சம் சூடேறவிட்டு மறுபடி சுவைத்துப் பாருங்கள், உண்மை வெளியே வரும்.

சுவைக்கும்போது பேசாதீர்கள், எழுதுங்கள். வகுப்பில் தைரியமான ஒருவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் மூக்குக்கும் அதே மணம் வந்துவிடுகிறது. "மேடம், புத்தகத்துல கூஸ்பெரினு போட்டிருக்கு, எனக்குக் கொய்யாதான் வருது" என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கொய்யாதான் சரி என்றேன். அந்தப் புத்தகத்தை எழுதியவர் வளர்ந்த தோட்டத்துப் பழம் அது, நமக்குத் தெரிந்த பழத்தை நாம் எழுத வேண்டும். சோவின்யோன் பிளாங்கில் குடைமிளகாய் வாசம் வந்தால் அது கற்பனை இல்லை, குடைமிளகாயில் இருக்கிற அதே வேதிப்பொருள்தான் அதில் இருக்கிறது. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் வருவதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள் நம் சமையலறை மிளகிலும் இருக்கிறது. பழமணம், புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, தொண்டையில் எரிவு, விழுங்கிய அல்லது துப்பிய பிறகு எத்தனை நொடி சுவை நிற்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். புளிப்பு என்றால் கன்னத்தின் ஓரம் எச்சில் ஊறும். துவர்ப்பு என்றால் கொட்டைப்பாக்கு மென்றது போல ஈறு வறண்டு இழுக்கும். நல்ல மலிவு ஒயினில் இவற்றில் எதுவும் மற்றதை அமுக்காது. சுவை சீக்கிரம் மறைந்துபோகும், அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், கொடுத்த காசுக்கு அது நியாயம்.

நாள்பட்டால் தரம் கூடும் என்பது உலகத்து ஒயின்களில் மிகச் சிறிய பங்குக்கே பொருந்தும். மலிவு ஒயின் உடனே குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. வெள்ளை என்றால் லேபிளில் உள்ள ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், சிவப்பு என்றால் மூன்று ஆண்டுக்குள் வாங்குங்கள். நம் ஊரில் பாட்டில் குளிர்வசதி இல்லாத லாரியில் வந்து, ஏசி இல்லாத கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறது. ஆலையில் நன்றாக இருந்த ஒயின் கடையில் வெந்துபோவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கார்க் கொஞ்சம் மேலே தள்ளி நிற்கிறதா, மூடியோரம் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருக்கிறதா, வெள்ளை ஒயின் தேன் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகு மூடி போட்டது மட்டம் என்று நினைக்க வேண்டாம். கார்க்கிலிருந்து வருகிற ஈர அட்டைப்பெட்டி நாற்றம் அதில் அநேகமாக வராது. ஓட்டலில் பரிமாறுகிறவர் உங்கள் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றிவிட்டுக் காத்திருப்பது இந்தக் கெடுதல்களைக் கண்டுபிடிக்கத்தான். அட்டை நாற்றமோ, வினிகர் நெடியோ, நெயில்பாலிஷ் வாசமோ வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாற்றித் தருவது எங்கள் வேலை. கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, கிளாஸ் ஓரத்தில் வழிகிற கண்ணீர்க் கோடு எதுவும் தரத்தின் அடையாளம் கிடையாது. அந்தக் கோடு ஆல்கஹால் எவ்வளவு என்பதைத்தான் காட்டும்.

லேபிளில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். பொங்கும் ஒயினில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருந்தால் இனிப்பே இருக்காது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது, லேபிளில் 'புரூட்' என்று எழுதிய பொங்கும் ஒயினைவிட இனிப்பு, லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. சர்க்கரை நோயாளிகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொன்று 'போர்ட்'. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்கிற அசல் போர்ட், நொதித்தலின் நடுவிலேயே திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்தப்படுவது. ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். இங்கே அதே பெயரில் விற்கிற இனிப்பு ஒயின் வேறு சரக்கு. இனிப்பாக இருப்பதால் வீரியம் குறைவு என்று இரண்டையும் மடமடவென்று குடிப்பதுதான் ஆபத்து.

இனி நான் வகுப்பில் குரலை உயர்த்திச் சொல்கிற விஷயம். 13 சதவீத ஒயின் 150 மில்லி, அதாவது ஓட்டலில் தருகிற ஒரு கிளாஸ், அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 15 கிராம். 42.8 சதவீத விஸ்கி 30 மில்லியில் சுமார் 10 கிராம். ஒரு கிளாஸ் ஒயின் ஒன்றரை ஸ்மால் பெக்குக்குச் சமம். முழு பாட்டில் ஏழரை பெக். பாட்டில் 600 ரூபாயோ 6,000 ரூபாயோ, இந்தக் கணக்கு மாறாது. நான்கு ஒயினை 50 மில்லி வீதம் சுவைத்து விழுங்கினால் இரண்டு பெக் உள்ளே போய்விட்டது. அதனால்தான் மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துப்புவது அநாகரிகமாகத் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் ஒரே நாளில் பல டஜன் ஒயின் சுவைக்கிறவர்கள் எல்லாருமே துப்புகிறவர்கள்தான். துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் ஏறும். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். எங்கள் பயிற்சி நாளில் யாரும் பைக்கில் வரக் கூடாது என்பது விதி.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி வந்த நிகழ்ச்சிக்குப் பிறகு உலகமெல்லாம் பரவியது. குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்ற பழைய ஆய்வுகள் பலவற்றில், உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களும் குடிக்காதவர்கள் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் தெளிவாகவே சொன்னது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து குறைந்த அளவிலேயே கூடத் தொடங்குகிறது. ஒயினை விற்றுப் பிழைக்கிற தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், சொல்லாமல் இருப்பது சரியில்லை. சுவைக்காகக் குடியுங்கள், கொஞ்சமாகக் குடியுங்கள். மருந்தாக நினைத்து ஒரு சொட்டும் வேண்டாம்.

கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ மெட்ரோனிடசோல் மாதிரியான மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் சுவைக்கவே வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் லேபிளில் சல்ஃபைட் (ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது) என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். எங்கள் வகுப்பில் மதத்தாலோ விருப்பத்தாலோ குடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. கிளாஸைச் சுழற்றி மணத்தை மட்டும் முகர்ந்து எழுதுகிறார்கள். கெட்டுப்போன பாட்டிலைக் கண்டுபிடிக்கிற தேர்வை மூக்கை வைத்தே எழுதித் தேறுகிறார்கள்.