‘லேசர்தானே மேடம்!’

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மா, மகளின் கண்ணாடியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுக்குள்ள எடுத்து விட்ருவீங்கல்ல?” எடுப்பது என்றால் கண்ணாடியை. மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லையாம். மேடையில் கண்ணாடியோடு நிற்க வேண்டாமே என்று இவருக்குத்தான் ஓர் எண்ணம். முந்தின நாள் வரை காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்த மகள் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணாடியை எடுக்கும் லேசர் சிகிச்சையைச் செய்வது டாக்டர். அதற்கு முன்னால் கண்ணை அளப்பதும், அதற்குப் பின்னால் பயந்துபோய் போன் செய்கிறவர்களிடம் பேசுவதும் என் வேலை. இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை “லேசர்தானே மேடம்!” ஏதோ காது குத்துவது போல. படுத்து எழுந்திருக்கக் கால் மணி நேரம்தான் ஆகும், உண்மைதான். அந்தக் கால் மணிக்கு முன்னால் ஒரு மாதமும் பின்னால் மூன்று மாதமும் இருக்கின்றன என்பது மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை.

அந்தப் பெண்ணின் கண்ணை நான் அன்றைக்கு அளக்கவே இல்லை. நாளெல்லாம் இறுக்கிக் கட்டிய வாட்சைக் கழற்றினால் மணிக்கட்டில் தடம் இருக்கும் அல்லவா? காண்டாக்ட் லென்ஸும் கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவை, அப்படித்தான் அழுத்தி வைத்திருக்கும். லென்ஸைக் கழற்றிய கையோடு அளந்தால் கிடைப்பது கண்ணின் வடிவம் அல்ல, லென்ஸ் அழுத்தி வைத்த வடிவம். அந்த அளவை நம்பித்தான் லேசர் செதுக்கப்போகிறது. மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வாரம், சிலிண்டர் பவருக்கான லென்ஸ் என்றால் முழுதாக இரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுவோம். “நேத்து ராத்திரியே கழட்டிட்டேன்” என்பது கணக்கில் சேராது.

சரி, லென்ஸே போடாத பெண்ணாக இருந்தால் பன்னிரண்டு நாளில் செய்துவிடலாமா? நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். லேசர் முடிந்த கண் தூசி, புகை, தண்ணீர், கசக்கல் நான்கையும் சில வாரங்களுக்குத் தாங்காது. நம் கல்யாண மேடையில் இல்லாதது என்ன? ஓமப் புகை, முகத்தில் அப்பும் மேக்கப், மை, ஒட்டு இமை, நாள் முழுக்க வீடியோ விளக்கு. அப்புறம் அட்சதை. ஆசீர்வாதம் பண்ணுகிறவர்கள் யாரும் குறி பார்த்துப் போடுவதில்லை. கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வந்துவிடுங்கள் என்பது என் யோசனை. கல்யாணம் முடிந்து வரலாம்தான். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் பவர் ஏறி இறங்கும், கண்ணும் காய்ந்து போகும், அப்போது செய்வதில்லை. அந்தப் பெண் கண்ணாடியோடுதான் மேடையில் நின்றாள். மறுவீடு எல்லாம் முடிந்து, கணவரைக் கூட்டிக்கொண்டு வந்து செய்துகொண்டு போனாள்.

வயது விஷயம் இரண்டே வரிதான். பதினெட்டுக்குக் கீழே கிடையாது. இருபத்தொன்று தாண்டினால் இன்னும் நல்லது. ஒரு வருடமாவது பவர் அரைக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும். பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்து வாருங்கள், அவைதான் சாட்சி.

நான் அதிகம் மெனக்கெடுவது கருவிழியின் தடிமனில். சராசரியாக அது 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல். லாசிக் முறையில் மேலே சுமார் 110 மைக்ரானுக்கு ஒரு மெல்லிய மூடி வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியபடியே திருப்பி வைத்துவிட்டு, அடியில் லேசரால் செதுக்குவார்கள். ஒரு பவருக்குத் தோராயமாக 15 மைக்ரான் போகும். வருகிறவர்களிடம் இதை ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். மைனஸ் 5, தடிமன் 530 என்றால்: மூடி 110, செதுக்கல் 75, மிச்சம் 345. தாராளம். மைனஸ் 8, தடிமன் 490 என்றால்: மூடி 110, செதுக்கல் 120, மிச்சம் 260. புத்தகத்தில் 250 வரை போகலாம் என்று இருக்கும். எங்கள் டாக்டர் 300க்குக் கீழே போக விரும்புவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அந்த மிச்சம்தானே ஆயுசுக்கும் தாங்க வேண்டும்? மெலிந்துபோனால் கருவிழி முன்னால் பிதுங்கத் தொடங்கும். அப்படிப்பட்ட கண்ணுக்கு லேசரை விட்டுவிட்டு, உள்ளே ஒரு லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறையைப் பேசுவோம்.

தடிமன் நன்றாக இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. சின்ன வயதிலிருந்து அலர்ஜி, அரிப்பு, கண்ணைக் கசக்கியே வளர்ந்த பிள்ளைகள். கருவிழியின் வரைபடத்தை எடுத்தால் கீழ்ப்பகுதியில் மட்டும் சிவப்பாக ஒரு மேடு தெரியும். கெரட்டோகோனஸ் தொடங்குகிறது, அதாவது கருவிழி கூம்பு போல ஆகிறது என்பதற்கான அடையாளம். இதன் மேல் லேசர் போடுவது விரிசல் விட்ட சுவரைச் சுரண்டுவது போல. போன வருடம் ஒரு கல்லூரி மாணவனிடம் இதைச் சொன்னபோது, “வேற ஆஸ்பத்திரியில பண்ணிக்கிறோம்” என்று அப்பா கோபமாக எழுந்துவிட்டார். நான் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, “எங்க போனாலும் இதைக் காட்டுங்க சார்” என்றேன். முடியாது என்று சொல்லத் தெரிந்த ஆஸ்பத்திரியைத்தான் நம்பலாம் என்பது என் கட்சி.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையையும் பார்ப்போம். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். கிட்டப்பார்வை அதிகம் உள்ள கண் நீளமான கண். விழித்திரை ஓரத்தில் மெலிந்து ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. லேசர் கண்ணாடியைத்தான் எடுக்கும், கண்ணின் நீளத்தைக் குறைக்காது. கண்ணாடி போன பிறகும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்பதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

பணத்தைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவர் 7.5க்குக் கீழே இருந்தால் மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக இதற்குப் பணம் வராது. பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே அது அச்சாகி இருக்கும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்களை எடுப்பதில்லை. ராணுவம், போலீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியை முதலில் படித்துவிட்டு வாருங்கள். வேலைக்காகக் கண்ணாடியை எடுத்துவிட்டு, எடுத்ததாலேயே வேலை போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

செய்கிற அன்றைக்கு சென்ட், பவுடர், மை எதுவும் வேண்டாம். காற்றில் வாசனை ஆவி கலந்தால் லேசர் கதிரின் வீச்சே மாறக்கூடும். தலையில் இருக்கும் மல்லிகைப் பூவைக்கூட வெளியே அக்கா கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்லுவோம். ஊசி கிடையாது, மரக்கச் செய்யும் சொட்டு மட்டும். மூடி வெட்டும்போது ஒரு வளையம் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும்; அழுத்தமாக இருக்கும், சில நொடி பார்வை இருண்டுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆள் பதறிவிடுவார். கண் சிமிட்டாமல் இருக்க கிளிப் உண்டு. கண் கொஞ்சம் நகர்ந்தால் லேசரும் தொடர்ந்து நகரும். ரொம்ப நகர்ந்தால் தானே நின்றுவிடும், டாக்டரின் கால் பெடலில்தான் இருக்கும்.

அடுத்து ஒரு வாசனை வரும், முடி பொசுங்குவது போல. “கண்ணு கருகுதா மேடம்?” என்று பாதிப் பேர் கேட்பார்கள். கருகவில்லை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் புறஊதாக் கதிர் சுட்டு எரிப்பதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை உடைத்துத் துகளாகப் பறக்க விடுகிறது. அந்தத் துகளின் வாசனைதான் அது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1981 நவம்பரில் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல், கத்தி வைத்தது போல வெட்டு விழுந்தது. அவருக்கும் உடன் ஆய்வு செய்த இருவருக்கும் 2013 இல் வெள்ளை மாளிகையில் அமெரிக்க அரசின் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தார்கள். இந்தக் கதையைச் சொன்னால், மேசையில் படுக்கப் போகிறவருக்குப் பயம் கொஞ்சம் குறைகிறது.

வீட்டுக்குப் போனதும் நாலைந்து மணி நேரம் எரியும், வெங்காயம் உரித்தது போலத் தண்ணீர் கொட்டும். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுங்கள். மறுநாள் காலை சுவர்க் காலண்டரில் தேதி தெரியும்போது வரும் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கலே அந்தச் சந்தோஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. நன்றாகத் தெரிகிறதே என்று சொட்டு மருந்தை மறப்பார்கள், பைக்கை எடுப்பார்கள், தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

திருப்பி வைத்த மூடிக்குத் தையல் கிடையாது. தானே ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். முதல் வாரம் தூக்கத்தில் தெரியாமல் கசக்கினாலும் நகர்ந்துவிடும். இரவில் பிளாஸ்டிக் கவசம் ஒட்டித் தூங்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வாரத்துக்குத் தலைக்குக் குளிக்க வேண்டாம், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெய்க் குளியல், நீச்சல், குற்றாலம் எல்லாம் ஒரு மாதம் கழித்து. சமையல் செய்கிறவர்கள் தாளிக்கும்போது தள்ளி நில்லுங்கள்; முடிந்தால் ஒரு வாரம் வேறு யாராவது தாளிக்கட்டும். வண்டியில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள். நெற்றியில் திருநீறு பூசிவிடும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சொட்டு மருந்துக்கு முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவித் தள்ளிவிடும். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளோடு நிறுத்துங்கள். “போட்டா குளுகுளுன்னு இருக்கு” என்று மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கி மூன்று மாதம் போட்டு, கண் அழுத்தம் ஏறி வந்தவர் உண்டு. குளுமை வேண்டுமென்றால் அதற்குக் கண்ணீர்ச் சொட்டு இருக்கிறது. அதை மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை போட வேண்டி வரலாம். வெட்டுப்பட்ட நரம்பிழைகள் மறுபடி வளரும்வரை கண் காய்ந்துகொண்டுதான் இருக்கும், கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் அதிகமாக. இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கும். ஆனால் இரண்டாம் நாளுக்குப் பின் வலி கூடினால், சிவந்தால், தெரிந்துகொண்டிருந்த பார்வை மங்கினால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

மூடியே வெட்டாமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பிஆர்கே முறை வேறு கதை. கபடி ஆடும் பையன்களுக்கு இதுதான் தோது, நகர மூடி கிடையாது. ஆனால் முதல் மூன்று நாள் நன்றாகவே வலிக்கும். தோல் வளரும் வரை நான்கைந்து நாள் ஒரு பாதுகாப்பு லென்ஸ் கண்ணில் இருக்கும்; உறுத்துகிறது என்று அதைத் தாமாக எடுக்கக் கூடாது. ஆறாம் நாள் போன் வரும்: “மேடம், என் ஃப்ரெண்டுக்கு மறுநாளே தெரிஞ்சுச்சு. எனக்கு இன்னும் பனிமூட்டமா இருக்கு. தப்பா பண்ணிட்டாங்களா?” இல்லை தம்பி, உன் முறையில் அப்படித்தான், சரியாகத் தெளிய வாரக்கணக்காகும். வெயிலில் போனால் கூலிங் கிளாஸ் போடு, இல்லையென்றால் கருவிழியில் புகை படிந்தாற்போல ஆகிவிடலாம்.

நாற்பதை நெருங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்லுவேன். தூரத்துக் கண்ணாடி போகும், பேப்பர் படிக்கிற கண்ணாடி வரும். மைனஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த ஒரு டெய்லர் அண்ணன், இதைக் கேட்டதும் லேசரே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். புத்திசாலி.

கடைசியாக அந்த ஃபைல். செய்வதற்கு முன் எடுத்த பவர், கருவிழி அளவு, தடிமன் எல்லாம் உள்ள தாள்களை நகைக்கடன் ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பல வருடம் கழித்துக் கண்புரை வரும்போது, உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை வழக்கமான கணக்கு இந்தக் கண்ணுக்குத் தப்பாகக் காட்டும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகவே பதிவாகும். கண் அழுத்த நோயான கிளாக்கோமா இருந்தாலும் தெரியாமலே போய்விடலாம்.

சமீபத்தில் கண்புரைக்காக ஒரு வங்கி ஊழியர் வந்திருந்தார், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். “முன்னாடி கண்ல ஏதாவது ஆபரேஷன் பண்ணிருக்கீங்களா சார்?” என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். கருவிழிப் படத்தில் நடுப்பகுதி தட்டையாக இருந்தது. மறுபடி கேட்டேன். யோசித்துவிட்டு, “2003-ல ஒண்ணு பண்ணினேன். ஆனா அது ஆபரேஷன் இல்லையே மேடம், லேசர்தானே?” என்றார். ஃபைல் இருக்கிறதா என்றதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பதில் சொன்னார். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிட்டார்களாம்.