நீல மாத்திரை ஏன் வாரத்துக்கு ஒன்று?

போன மாதம் பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "சார், பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு ஒரு நீல இரும்புச்சத்து மாத்திரைதான் தர்றாங்க. தினம் ஒண்ணு தந்தா சீக்கிரம் ரத்தம் ஊறும்ல? ஏன் சார் இழுத்துப் பிடிக்கிறாங்க?"

அவள் அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். காலில் தகட்டைக் கட்டி, விரல்களில் துணி சுற்றி, ஒரே மூச்சில் அடியில் போய்ப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிற வேலை. "அம்மாவுக்கு இப்பல்லாம் மூச்சு நிக்க மாட்டேங்குது சார். ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. எனக்கும் அப்படி வரக்கூடாதுல்ல?" என்றாள். அங்கே சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கிறது, அதன் நடுவில் இரும்பு இருக்கிறது என்பது பள்ளிப் பாடம். பன்னிரண்டு வயதைத் தாண்டினால் உடம்பு திடீரென்று வளர்கிறது, ரத்தத்தின் அளவும் கூடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயிலும் இரும்பு போகிறது. வரவு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 31 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. பையன்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அந்த மாத்திரை தருவது இதனால்தான். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

சரி, தினமும் ஏன் இல்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் உடம்பில் மொத்தமாக இருப்பதே மூன்று நான்கு கிராம் இரும்பு. சிவப்பணு ஒன்று 120 நாள் வாழ்ந்து ஓய்ந்ததும், அதில் உள்ள இரும்பை உடம்பு பிரித்தெடுத்துப் புதிய அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கைமாறுகிறது. வெளியே போவது சுமார் ஒரு மில்லிகிராம்தான். உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். இரும்பு மிஞ்சினால் வெளியேற்ற உடம்பில் ஒரு வழியும் கிடையாது. மிஞ்சிய இரும்பு சும்மாவும் இருக்காது, செல்களை அரிக்கும். வடிகால் இல்லாத வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் பயிர் அழுகிவிடும். அந்த வயலைக் காப்பாற்ற ஒரே இடம் மடைதான்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு மடையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று ராஜசிங்கமங்கலம் கண்மாயைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குடலின் உள்சுவரில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டிக் கண்மாய். உணவிலிருந்து வந்த இரும்பு முதலில் அதற்குள் தேங்கும். அங்கிருந்து ரத்தத்துக்குப் பாயும் மடையின் பெயர் ஃபெரோபோர்ட்டின். செல்லுக்குள் இருக்கும் இரும்பு ரத்தத்துக்கு வர நமக்கு இருக்கும் மடை அது ஒன்றுதான். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சேமித்த இரும்பு ரத்தத்துக்கு வருவதும் அதே மடை வழியாகத்தான்.

மடையை அடைக்கிற ஆள் கல்லீரலில் இருக்கிறார். ஹெப்சிடின் என்று பெயர். வெறும் 25 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம். ரத்தத்தில் இரும்பு கூடியதும் கல்லீரல் அதைச் சுரந்து அனுப்பும். அது ஃபெரோபோர்ட்டினில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே செல் அந்த மடையை அப்படியே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். பலகை போட்டு அடைப்பதில்லை, மடையையே பெயர்த்து எடுத்துவிடுகிறது! உள்ளே மாட்டிய இரும்புக்கு வழியில்லை. குடல் செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள். அது உதிரும்போது இரும்பும் சேர்ந்து மலத்தோடு போய்விடும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் உடம்பில் இரும்பு இருப்புக் குறைந்த இளம்பெண்களுக்கு மாத்திரை கொடுத்து அளந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்தால் ஹெப்சிடின் ஏறி 24 மணி நேரம் இறங்காமல் நின்றது. மறுநாள் கொடுத்த இரும்பில் உடம்பு எடுத்துக்கொண்ட பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் குறைந்தது. மடை மூடியிருக்கும்போது இரண்டாவது மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே கிடக்கும், வயிற்றைப் புரட்டும். இடைவெளி விட்டால் ஹெப்சிடின் இறங்கும், புது மடைகள் முளைக்கும். அதனால், வருமுன் காக்க வாரம் ஒன்று. யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா கதை வேறு. இரும்பு குறைந்து சோகை வந்துவிட்டால் ஹெப்சிடின் தானாகவே தாழ்ந்துவிடும், மடைகள் அகலத் திறந்து கிடக்கும். அப்போது மருத்துவர் தினமும்கூட எழுதித் தருவார். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்து, சொன்ன அளவில் சாப்பிட வேண்டும். மகளின் மாத்திரையைப் பங்கு போட்டால் இருவருக்கும் போதாது.

இந்த ஹெப்சிடினைக் கண்டுபிடித்தவர்கள் சோகைக்கு மருந்து தேடவில்லை. 2000-2001 வாக்கில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் கிருமியைக் கொல்லும் புரதங்களை ரத்தத்திலும் சிறுநீரிலும் தேடியவர்கள் கையில் அது அகப்பட்டது. அதே நேரத்தில் பாரீசில், சர்க்கரைக்குத் தொடர்புள்ள ஒரு மரபணுவை எலிகளில் நிறுத்திப் பார்த்த குழு, எலிகளின் கல்லீரலில் இரும்பு குவிந்திருப்பதைக் கண்டு திகைத்தது. பக்கத்து மரபணுவான ஹெப்சிடினும் சேர்ந்து அணைந்துபோனதுதான் காரணம். 'இதனால் மக்களுக்கு என்ன பயன்?' என்று முதல் நாளே கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இன்று நம்மிடம் இல்லை. ஆர்வத்துக்காகச் செய்யும் ஆய்வுக்கு நம் நாட்டில் இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் மனதை வருத்துகிறது. பிள்ளை வெளிறிப்போய்ச் சோர்ந்து உட்கார்ந்தால் கண்ணேறு என்று திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைப்பேறு இருக்காது என்று சொல்லித் துப்ப வைக்கிறவர்களும் உண்டு. அது அப்பட்டமான பொய். கர்ப்பிணிகளுக்கே இரும்பும் ஃபோலிக் அமிலமும் தருகிறார்கள். மலம் கறுத்துப் போவது உறிஞ்சப்படாத இரும்பால், பயப்பட ஒன்றுமில்லை. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் விடக்கூடாது.

உணவில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு சுலபத்தில் குடலுக்குள் ஏறாது. கூடவே சூடை மீனோ நெத்திலியோ இருந்தால் நன்றாக ஏறும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அப்படித்தான். டீ நேர்மாறு. அதன் துவர்ப்புச் சத்து இரும்பைக் கட்டிப்போட்டுவிடும்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் யோசித்தாள். "அம்மா கடல்லேந்து வந்ததும் சோறும் டீயும் ஒண்ணாத்தான் சார் வைப்பாங்க." டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும் என்றேன். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்: சோறு, மீன், மாத்திரை. அதன் கீழே ஒரு கோடு போட்டு, டீ, ரெண்டு மணி நேரம் கழிச்சு.