ரோபோடெட்: வாங்காத கடனின் பெயர்

ரோபோடெட் என்பது ஆஸ்திரேலிய ஆங்கிலச் சொல். அரசு உதவித்தொகை வாங்கியவர்கள்மேல், கணினி போட்ட தப்பான கணக்கை வைத்து, ஆள் யாரும் சரிபார்க்காமலே சுமத்தப்பட்ட கடனுக்கு அந்நாட்டு மக்கள் வைத்த பெயர். 2016 நடுவிலிருந்து 2019 நவம்பர் வரை இது நடந்தது. தமிழில் எழுதும்போது ரோபோ கடன், எந்திரக் கடன், தானியங்கிக் கடன் என்றெல்லாம் கைக்கு வருகிறது. இந்த மூன்றிலும் ஒரே குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. அது என்ன என்று புரிய, முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு 1,500 டாலர் சம்பளம். 13 சம்பளத்துக்கு 19,500 டாலர் ஆயிற்று. ஜனவரியில் வேலை போய்விடுகிறது. ஜூன் வரை வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குகிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருமான விவரம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூச்சியம் என்று சொல்கிறார். அதுதான் உண்மை.

இப்போது கணினி வருகிறது. வரித்துறையிடம் அந்தப் பெண்ணின் ஆண்டு வருமானம் 19,500 என்று மட்டும் இருக்கிறது. எந்த மாதத்தில் வந்தது என்று இல்லை. கணினி அதை 26ஆல் வகுக்கிறது. இரண்டு வாரத்துக்கு 750 டாலர். ஆக, உதவித்தொகை வாங்கிய ஆறு மாதமும் இவர் 750 டாலர் சம்பாதித்துவிட்டுப் பூச்சியம் என்று பொய் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டுகிறது. 13 தடவை 750, மொத்தம் 9,750 டாலர் மறைத்த வருமானம். அதை வைத்துக் கடன் எழுதிவிடுகிறது.

ஆஸ்திரேலியச் சட்டப்படி உதவித்தொகைக் கணக்கு இரண்டு வாரத்துக்கு இரண்டு வாரம் பார்க்கப்பட வேண்டியது. ஆண்டு முழுவதும் ஒரே சீராகச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் இந்தச் சராசரி பொருந்தும். அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் உதவித்தொகையே தேவைப்படாது. மாட்டியவர்கள் எல்லாம் ஏறி இறங்கும் வருமானக்காரர்கள்: படித்துக்கொண்டே ஓட்டலில் தட்டு எடுத்தவர்கள், பழத்தோட்டத்தில் பருவ வேலைக்குப் போனவர்கள், இந்த வாரம் 30 மணி நேரம், அடுத்த வாரம் நான்கு மணி நேரம் என்று கேஷுவல் வேலையில் அல்லாடியவர்கள். நிரந்தர வேலையைச் சுருக்கிக் கேஷுவல் வேலையைப் பெருக்கிய பொருளாதாரம் ஒரு பக்கம். அந்த ஒழுங்கில்லாத சம்பளத்தையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்ட கணினி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் இவர்கள்.

கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. ஐந்தாறு வருடத்துக்கு முந்திய சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்றார்கள். அந்தக் கடையை மூடியே மூன்று வருடம் ஆகியிருக்கும். தொடக்கத்தில் அனுப்பிய கடிதங்களில், இந்தப் பிரிவை நேரே கூப்பிட ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. வீடு மாறியவர்களின் கடிதம் பழைய முகவரிக்குப் போனது; தனியார் வசூல் நிறுவனம் கூப்பிட்டபோதுதான் தமக்குக் கடன் இருப்பதே சிலருக்குத் தெரிந்தது. போதாததற்கு, கடன் தொகைமேல் 10 சதவீதம் வசூல் கட்டணமும் ஏறியது.

2016 டிசம்பரில், திட்டத்தை நடத்திய மனித சேவைகள் துறையின் அமைச்சர் ஆலன் டட்ஜ் தொலைக்காட்சியில் தோன்றி, உங்களைத் தேடிக் கண்டுபிடிப்போம், கடனைக் கட்டியே ஆக வேண்டும், சிறைக்கும் போக நேரலாம் என்று சொன்னார். கிறிஸ்துமஸ் நேரம் அது. கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அந்தச் சொற்கள் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அரசு இந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் வேறு. இணையவழி இணக்கத் தலையீடு என்று மொழிபெயர்க்கலாம். எதிர்ப்பு வந்ததும் பெயரை மாற்றினார்கள். அப்புறம் இன்னொரு தடவை மாற்றினார்கள். எந்தப் பெயரிலும் கடன் என்ற சொல் கிடையாது. மக்கள் அந்தப் பெயர்களைத் தொடவே இல்லை. 2017 ஜனவரி வாக்கில் ‘என் கடன் இல்லை’ என்ற முழக்கத்தோடு ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் கதையை எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கோபத்தில் பிறந்து நிலைத்த சொல்தான் ரோபோடெட். அரசு பல வருடம் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. கடைசியில், 2022இல் அமைத்த ராயல் கமிஷன் என்ற உயர்நிலை விசாரணை ஆணையத்துக்கு ரோபோடெட் திட்டம் பற்றிய ராயல் கமிஷன் என்றே அதிகாரபூர்வமாகப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. தெருவில் பிறந்த சொல் அரசாணையில் ஏறிய கதை இது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

ரோபோ என்பது ரோபாட் என்பதன் சுருக்கம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில் செயற்கை மனிதர்களுக்கு வைத்த பெயர் அது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் ரோபோட்டா என்றால், பண்ணையடிமை தன் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்துதர வேண்டிய வேலை. இதற்கு நம்மிடம் அச்சொட்டான சொல் உண்டு: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு வெட்டி என்றே பெயர். பிற்காலத்தில் அதே சொல் பயனற்றது, வேலையற்றது என்று பொருள் மாறி, வெட்டிப்பயல் என்ற வசவாக நிற்கிறது. கட்டாயமாக வேலை வாங்கப்பட்டவனின் சொல் வேலையில்லாதவனைத் திட்டும் சொல்லாக எப்படித் திரும்பியது என்பது தனியே எழுத வேண்டிய விஷயம். ஆஸ்திரேலியாவில் வெட்டிப்பயலுக்கு நிகரான வசவு டோல் பிளட்ஜர். உதவிப்பணத்தில் உட்கார்ந்து தின்கிறவன் என்று பொருள். 1970களிலிருந்து அங்கே அரசியல் மேடைகளில் புழங்கும் சொல் அது. ரோபோடெட் திட்டத்துக்கு நிலம் உழுது வைத்தது அந்த வசவுதான் என்பேன்.

ஆங்கிலத்தில் ரோபோ முன்னொட்டாக வரும்போது, ஆள் பார்க்காமல் மொத்தமாகச் செய்தது என்ற இழிவுக் குறிப்பு ஏறிக்கொள்கிறது. பதிவு செய்த குரலில் வரும் விளம்பர அழைப்பு ரோபோகால். 2010இல் அமெரிக்காவில் வீடுகளைப் பறிக்கும் பத்திரங்களில் படித்துக்கூடப் பார்க்காமல் வங்கி ஊழியர்கள் கையெழுத்துப் போட்டுத் தள்ளியது ரோபோ சைனிங். அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் மனிதர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கில் ரோபோ என்றால் எந்திரம் என்பதைவிடப் பார்க்க மறுத்த கண் என்பதே பொருத்தமான பொருள். ஆகவே எந்திரக் கடன் என்று மொழிபெயர்த்தால் பழி எந்திரத்துக்குப் போய்விடும். 26ஆல் வகுக்கச் சொன்னது மனிதர்கள். இந்த வழி சட்டப்படி நிற்காது என்று 2014லேயே சமூக சேவைகள் துறையின் சொந்த வழக்கறிஞர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதையும் தாண்டித்தான் திட்டம் நடந்தது.

இரண்டாம் பாதி டெட். ஆங்கிலத்தில் அதை எழுதும்போது நடுவில் ஒரு பி வரும், உச்சரிப்பில் வராது. பிரெஞ்சிலிருந்து அந்த எழுத்து இல்லாமலே வந்த சொல் அது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக அறிஞர்கள் பிற்காலத்தில் செருகிய எழுத்து. இருப்பதுபோல் தெரிந்து, இல்லாமல் இருப்பது. இந்தக் கடனும் அப்படித்தான்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு ஆழம் அதிகம். வாங்கிய பணமும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று பொன்முடியார் புறநானூற்றில் பாடுவது கடமையை. சோழர் கல்வெட்டுகளில் கடமை என்றால் அரசுக்குச் செலுத்தும் வரி. அப்பர் தேவாரத்தில் ‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்ற அடி எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடச் சுவரில்கூட எழுதியிருக்கும். அதற்கு முந்தைய அடியைத்தான் விட்டுவிடுகிறோம்: ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல்’. தாங்குவது அவன் கடன், பணி செய்வது என் கடன். முதலில் வருவது தாங்குகிறவனின் கடன்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் பிரதமர் ஜான் ஹவர்ட் அரசு வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் பரஸ்பரக் கடமை என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. உதவி வாங்குகிறவர் பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். பெயரில் பரஸ்பரம் இருந்தது. நடைமுறையில் வாங்குகிறவரின் கடமை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. அதே அரசு 2006இல் நடைமுறைப்படுத்திய வேலையிடச் சட்டம் முறையற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பை, 100 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களின் ஊழியர்களிடமிருந்து எடுத்துவிட்டது. அந்தக் கோபம் 2007 தேர்தலில் ஹவர்டின் ஆட்சியோடு அவருடைய சொந்தத் தொகுதியையும் சேர்த்தே பறித்தது.

அகதிகளிடம் பேசிய மொழியும் இதே மொழிதான். 2013இல் குடிவரவு அமைச்சரான ஸ்காட் மாரிசன், படகில் வருகிறவர்களைச் சட்டவிரோதமாக வந்தவர்கள் என்றே குறிப்பிட வேண்டும் என்று தன் துறைக்கு உத்தரவிட்டார். தஞ்சம் கேட்பது குற்றம் அல்ல. சொல் அதைக் குற்றமாக்கியது. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரு படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள், குழந்தைகள் உட்பட. அவர்களை ஏறத்தாழ ஒரு மாதம் சுங்கக் கப்பலிலேயே நடுக்கடலில் அடைத்து வைத்தார்கள். அதே மாரிசன் அந்த ஆண்டுக் கடைசியில் சமூக சேவைகள் அமைச்சரானார். 2015 ஜனவரியில், உதவித்தொகைத் துறைக்கு ரோந்து சுற்றும் கண்டிப்பான போலீஸ்காரன் தேவை என்றார். ரோபோடெட் திட்டம் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் நுழைந்தது அந்த வருடம்தான். அமைச்சரவை தவறாக வழிநடத்தப்பட அவர் இடம்கொடுத்தார் என்று பிற்பாடு ராயல் கமிஷன் எழுதியது. அவர் அதை மறுத்தார்.

இதைத் தடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்த பேராசிரியர் டெரி கார்னி 2017 மார்ச்சிலேயே, சராசரியை மட்டும் வைத்துக் கடன் போட முடியாது என்று தீர்ப்பு எழுதினார். அரசு மேல்முறையீடு செய்யவில்லை. செய்திருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். திட்டமும் நிற்கவில்லை. அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிக்கவும் இல்லை. மெல்பர்ன் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2019 நவம்பரில்தான் அரசு தன் தப்பை ஒத்துக்கொண்டது. சுமார் 4,33,000 பேர்மேல் 170 கோடி டாலருக்கு அதிகமாகச் சட்டத்துக்குப் புறம்பாகக் கடன் எழுதப்பட்டிருந்தது. அதில் ஏறத்தாழ 75 கோடி டாலர் வசூலும் ஆகியிருந்தது. 2021இல் பாதிக்கப்பட்டவர்களின் கூட்டு வழக்கில் நீதிபதி பெர்னார்டு மர்ஃபி இதை வெட்கக்கேடான அத்தியாயம் என்று எழுதினார். 2023 ஜூலையில் வந்த ராயல் கமிஷன் அறிக்கையில் ஆணையர் கேத்தரின் ஹோம்ஸ், முரட்டுத்தனமும் கொடூரமும் கொண்ட ஏற்பாடு, நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை என்றார். இந்தக் கடன் வந்தபின் தற்கொலை செய்துகொண்ட பிள்ளைகளின் தாய்மாரும் அந்தக் கமிஷன்முன் வந்து சாட்சி சொன்னார்கள். 2020இல் ஒப்புக்கொண்ட 11.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு மேல் இன்னும் 47.5 கோடி டாலர் தர அரசு 2025 செப்டம்பரில் இசைந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? கடன்பட்டார் நெஞ்சம் கலங்கும் என்பார்கள். இங்கே கலங்கியது கடன்படாதவர் நெஞ்சம். அந்தப் ‘படாத’ என்பது சொல்லுக்குள் வந்தாக வேண்டும். பொய்க்கடன் என்றால் யார் சொன்ன பொய் என்ற குழப்பம் வரும். கடன் வாங்கியவர்தான் பொய் சொன்னார் என்றுகூடப் படலாம். படாக்கடன் இலக்கணப்படி சரி, ஆனால் காதில் ஒட்டவில்லை. நான் வாங்காக்கடன் என்று எழுதுகிறேன்.

இதில் ஒரு வசதி உண்டு. வாராக்கடன் என்ற சொல் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் பழக்கம். பெரிய நிறுவனங்கள் வங்கியில் வாங்கிவிட்டுத் திருப்பிக் கட்டாமல் விட்டது வாராக்கடன். ஏழைகள் வாங்காமலே கட்ட வேண்டியிருந்தது வாங்காக்கடன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பொருள் விளங்கிவிடும், அடிக்குறிப்பு வேண்டாம். 2017இல் ஆஸ்திரேலியர்கள் எழுப்பிய ‘என் கடன் இல்லை’ என்ற குரலும் அதற்குள் கேட்கிறது.

திட்டத்தின் பெயராக வரும் இடத்தில் ரோபோடெட் என்றே எழுதலாம். அது வரலாற்றில் பதிந்துவிட்ட பெயர். ரோபோடெட் திட்டம், ரோபோடெட் விசாரணை. அந்தத் திட்டம் ஒருவர் தலையில் கட்டிய தொகையைச் சொல்லும்போது வாங்காக்கடன். அவர்மேல் 9,000 டாலர் வாங்காக்கடன் எழுதினார்கள், வாங்காக்கடனைத் திருப்பித் தந்தார்கள் என்று வாக்கியத்தில் உறுத்தாமல் உட்காருகிறது. எழுதும்போது நடுவில் உள்ள க் விடுபடக் கூடாது. வாங்காத என்பதன் ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் வாங்கா. அதன்பின் வல்லினம் மிகும், ஓடாக்குதிரை போல.