டப்ஸ்டெப்: பெயர் ஒன்று, இசை இரண்டு

டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசையைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது உறுமி, பிறாண்டி, காதை அடைக்கும் ஒரு செயற்கை ஓசைதான். அதை வைத்துப் பார்த்தால் 'அதிரடி இசை' என்று தமிழில் எழுதிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் 2002-இல் இந்தச் சொல் அச்சில் வந்தபோது அது குறித்த இசையில் அதிரடி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பாதி இருட்டில், ஆள் அசையாமல் நின்று கேட்ட இசை அது. பெயர் அப்படியே இருக்க, உள்ளிருந்த இசை மாறிவிட்டது. எனவே இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடுபவர் எந்த டப்ஸ்டெப்பைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சொல்லைப் பிரித்தால் டப், ஸ்டெப் என்று இரண்டு. டப் என்பது நமக்குத் தெரிந்த டப்பிங்கோடு ஒரே வேர் கொண்டது. இரட்டிப்பது, படியெடுப்பது என்ற பொருளில் 'டபுள்' என்ற சொல் தேய்ந்து டப் ஆனது. இசையில் அது தனி வாழ்க்கை தொடங்கியது ஜமைக்காவின் கிங்ஸ்டனில், 1960-களின் இறுதியில். ஒரு பாட்டு இசைத்தட்டாக வரும்போது அதன் மறுபக்கத்தில் பாடகரின் குரலை எடுத்துவிட்டு வெறும் பின்னணியைப் பதிந்தார்கள். கிங் டபி போன்ற ஒலிப்பொறியாளர்கள் அதோடு நிற்கவில்லை. கிதாரையும் ஆர்கனையும் கூட வேண்டாத இடங்களில் அணைத்து, டிரம்ஸையும், பேஸ் என்ற தாழ்ந்த ஒலிப்பகுதியையும் மட்டும் ஓடவிட்டு, இடையிடையே அறுந்த குரல் துணுக்குகளை எதிரொலியில் மிதக்கவிட்டார்கள். டப் என்றால் எதிரொலி என்று சில இடங்களில் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். எதிரொலி அதன் அணிகலன் மட்டுமே. டப்பின் உயிர் எதை எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஸ்டெப் வந்தது லண்டனின் 'டூ-ஸ்டெப் கராஜ்' என்ற நடன இசையிலிருந்து. அதற்கு முந்தைய கராஜில் கிக் என்ற கனத்த டிரம் நான்கு அடியிலும் விழும். 1990-களின் பிற்பகுதியில் சில அடிகளில் கிக்கை எடுத்துவிட்டார்கள்; தாளம் நொண்டி நொண்டித் துள்ள ஆரம்பித்தது. அதுதான் டூ-ஸ்டெப். ஆக, டப் குரலைக் கழித்தது, டூ-ஸ்டெப் கிக்கைக் கழித்தது. டப்ஸ்டெப் என்ற பெயரின் இரண்டு பாதிகளுமே கழித்தலைத்தான் சொல்கின்றன. பின்னால் வந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த சாவி இதுதான்.

இந்த இசை ஊன்றிய இடம் தெற்கு லண்டனின் க்ராய்டன். அங்கே சர்ரே தெருவில் பிக் ஆப்பிள் என்று ஓர் இசைத்தட்டுக் கடை. ஹாட்சா அங்கே வேலை பார்த்த டிஜே. ஸ்க்ரீம், பெங்கா இருவரும் அந்தக் கடையைச் சுற்றியே வளர்ந்த பதின்வயதுப் பையன்கள். வீட்டுக் கணினியில் அவர்கள் செய்ததை ஹாட்சா ஒற்றைப் பிரதி அசிடேட் தட்டாக வெட்டிக்கொண்டு போய் வாசிப்பார். டப்ப்ளேட் என்ற அந்தத் தட்டு மென்மையானது. சில டஜன் தடவை ஊசி ஓடினால் தேயத் தொடங்கிவிடும். அதற்குள் கேட்டவர்கள்தான் கேட்டவர்கள். 2001-இல் தொடங்கி, சோஹோவிலும் பிறகு ஷோர்டிச்சில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சிறிய கிளப்பிலும் நடந்த 'ஃபார்வர்டு' இரவுகள்தான் இதற்கு மேடை. அதை நடத்திய ஆம்யுனிஷன் என்ற குழுவினரிடம் புழங்கிய சொல்தான் டப்ஸ்டெப். 2002-இல் 'ஆக்ஸிலரேட்டர்' என்ற அமெரிக்க இசை இதழ் ஹார்ஸ்பவர் புரொடக்‌ஷன்ஸ் குழுவைப் பற்றிய அட்டைப்படக் கட்டுரையில் அதைப் பயன்படுத்தியது. பெயர் நிலைத்துவிட்டது.

அப்போதைய டப்ஸ்டெப் எப்படி இருந்தது? வேகம் நிமிடத்துக்கு 140 துடிப்பு. கணக்குப்படி அது வேகமான இசைதான். ஆனால் நான்கு துடிப்பு கொண்ட ஒரு சுற்றில் கிக் முதல் அடியிலும் ஸ்னேர் என்ற, சுள்ளென்று ஒலிக்கும் டிரம் மூன்றாம் அடியிலும் மட்டும் விழும். ஒரு ஸ்னேருக்கும் அடுத்த ஸ்னேருக்கும் இடையே சுமார் 1.7 நொடி. காது அதை 70 துடிப்பாகவே எடுத்துக்கொள்ளும். நடுவில் கிடக்கும் அந்த நீளமான வெற்றிடத்தை நிரப்புவது பேஸ் மட்டும்தான். அதுவும் 40, 50 ஹெர்ட்ஸ் அளவில். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அதைக் காதால் கேட்பதைவிட நெஞ்சுக்கூட்டால் உணர்வதே அதிகம். 2005-இல் மாலா, கோக்கி, லோஃபா ஆகிய டிஜேக்கள் பிரிக்ஸ்டனில் தொடங்கிய டிஎம்ஸெட் இரவுகளின் அழைப்பே 'வந்து பேஸின் எடையில் தியானியுங்கள்' என்பதுதான். நல்ல ஸ்பீக்கர் இல்லாமல் இந்த இசையைக் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும். அந்தப் பாதியில்தான் எல்லாமே இருக்கும்.

சரி, முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது? அமெரிக்கர்கள் கெடுத்தார்கள் என்று சொல்வது வழக்கம். அது நியாயமில்லை என்பேன். 2007 வாக்கில் கூச்சலிடும் பேஸை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அதே டிஎம்ஸெட்டின் கோக்கி. அதே ஆண்டு கேஸ்பாவும் ரஸ்கோவும் லண்டனின் ஃபேப்ரிக் கிளப்புக்காகச் செய்த கலவைத் தொகுப்பு அந்தக் குணத்தை ஊரெல்லாம் கொண்டுபோனது.

அதன் மையம் 'வாபிள்' என்ற ஓசை. செய்முறை எளிது. அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் அடர்ந்த ஒரு பேஸ் ஒலியை எடுத்து, மேல் அதிர்வெண்களை அடைக்கும் ஃபில்டர் ஒன்றுக்குள் விட வேண்டும். அந்த ஃபில்டரின் வாயை ஒரு மெதுவான அலை திறந்து திறந்து மூடும். 140 துடிப்பில், துடிப்புக்கு இரண்டு தடவை என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 4.7 தடவை. 'வவ்-வவ்-வவ்' என்று ஒலிக்கும். வேகத்தைத் துடிப்புக்கு மூன்று, நான்கு என்று மாற்றினால் ஒரே சுரம் பேசுவது போல ஆகிவிடும். ஆரம்பகாலப் பாட்டுகளிலும் வாபிள் உண்டு. ஆனால் அங்கே ஃபில்டர் அதிகம் திறக்காது. அசைவு அடித்தளத்துக்குள்ளேயே நடக்கும். பின்னால் வந்தவர்கள் ஃபில்டரை விரியத் திறந்து, ஒலியைச் சிதைத்து முரடாக்கும் டிஸ்டார்ஷனையும் சேர்த்து, பேஸின் முகத்தை நடு அதிர்வெண்களுக்கு ஏற்றினார்கள்.

அதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. இணைய வீடியோக்கள் வழியாக மடிக்கணினியில் இந்த இசையைக் கேட்கும் ஒரு தலைமுறை அப்போது உருவாகியிருந்தது. மடிக்கணினியின் குட்டி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வராது. ஆனால் அதன் மேல்சுரங்கள் வந்தால் போதும், இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். முரட்டு பேஸ் எந்தக் கருவியிலும் கேட்டது, பழைய பேஸ் கேட்கவில்லை. பெரிய திறந்தவெளி விழாக்களும் கூட்டமும் அதைத்தான் கேட்டன. கனடாவின் எக்ஸிஷன், டாட்சிக் போன்றவர்கள் இன்னும் இறுக்கினார்கள். ராக் இசைக்குழுவில் பாடகராக இருந்த அமெரிக்கர் ஸ்க்ரில்லெக்ஸ் 2010-இல் வெளியிட்ட சிறுதொகுப்பு உலகெங்கும் ஓடி, 2012-இல் இரண்டு கிராமி விருதுகள் வரை போனது. இந்தக் கட்டத்தில் பாட்டின் உடலமைப்பே மாறிவிட்டது: ஏற்றம், ஒரு நொடி மௌனம், அப்புறம் டிராப், அதாவது தாளமும் பேஸும் மொத்தமாக வந்து இறங்கும் இடம். டிராப்புக்குப் பின் அரைச்சுற்றுக்கு ஒரு புது ஓசை. ஒன்று கேட்க, இன்னொன்று பதில் சொல்லும். வெற்றிடம் என்று எதுவும் மிச்சமில்லை. கழித்தலில் பிறந்த இசை கூட்டலுக்குப் போய்விட்டது.

இந்தப் புது வகையைப் பழைய ரசிகர்கள் 'ப்ரோஸ்டெப்' என்றார்கள். ப்ரோ யாரென்று விளக்க வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு முட்டி மோதும் இளைஞர் கூட்டத்தைக் குத்திச் சொன்ன பெயர் அது. வசையாகத் தொடங்கியதால் அதை வகைப் பெயராக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'டியர்அவுட்' என்பது இன்னும் மூர்க்கமான பிரிவு. 'ரிடிம்' மட்டும் சற்று வேறுபட்டது. ரிதம் என்பதன் ஜமைக்க உச்சரிப்பு அது. பல பாடகர்கள் தத்தம் பாட்டைப் பாடும் ஒரே பின்னணி இசையை அங்கே அது குறிக்கும். டப்ஸ்டெப்பில் அது மிகக் குறைந்த ஓசைகளை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும் பாணிக்குப் பெயரானது. ஓசை முரடு, ஆனால் சேர்மானம் குறைவு. அந்த வகையில் பழைய கழித்தல் புத்தி அதில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனித் தமிழ். இசைவகைப் பெயர் என்ற அளவில் ஜாஸ், ராக் போல டப்ஸ்டெப்பையும் அப்படியே எழுதுவதே சரி. பொருள் விளங்கத் தமிழ் வேண்டும் என்றால், ஸ்டெப்புக்கு 'நடை' கச்சிதமாகப் பொருந்தும்; காலடிக்கும் தாளத்துக்கும் நம்மிடம் அது ஒரே சொல். பேஸுக்குத் தமிழிசையின் 'மெலிவு' இருக்கிறது. மெலிவு, சமன், வலிவு என்ற மூன்றில் கீழ்த்தானம் அது. இலக்கணப்படி சரியே. ஆனால் இன்றைய வாசகர் மெலிவு என்றால் இளைத்தது, வலுவற்றது என்று எடுத்துக்கொள்வார். நெஞ்சை அழுத்தும் ஒலிக்கு அது ஒட்டாது. 'அடிநாதம்' எல்லோருக்கும் தெரிந்த சொல், கீழே கிடந்து தாங்குவது என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. ஆகவே தொடக்ககால டப்ஸ்டெப்பை 'அடிநாத நடை' என்பேன். 70 துடிப்பாகக் கேட்கும் அந்தத் தாளத்துக்கு 'அரைநடை', வாபிளுக்கு 'அலைவு'. 2010-க்குப் பிந்தைய முரட்டு வகையில் ஒலி வடிவமைப்பாளர்களே அந்த பேஸை 'குரோல்' என்கிறார்கள். 'உறுமல் நடை' என்றால் இழுக்காமல் வந்துவிடுகிறது. அதிரடி என்ற சொல்லை எங்காவது வைத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு இடம் இந்த இரண்டாவது வகையில்தான்.

பழைய பாணியை இன்றும் செய்கிறவர்கள் பலர், குழப்பம் வேண்டாம் என்று தங்கள் இசையை வெறுமனே '140' என்றே சொல்கிறார்கள். மாலா 2006-இல் தொடங்கிய டீப் மெடி என்ற இசை நிறுவனத்தின் வெளியீடுகளை இந்தப் பெயரின் கீழ்த் தேடினாலும் கிடைக்கும். அந்த எண்ணைத் தமிழில் எழுதும்போது எண்ணாகவே விட்டுவிட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் அடிநாத நடை என்று சேர்த்துக்கொண்டால் போதும்.