உங்கள் கட்டில் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது?

உயரமான மலை நகரங்களின் விடுதிகளைப் பற்றிப் பயணிகள் எழுதும் விமர்சனங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வாடகையையோ காலை உணவையோ தெரிந்துகொள்வதற்காக அல்ல, நோய்க்குறிகளைப் பார்ப்பதற்காக. அறையில் காற்றே இல்லை, இரவில் பலமுறை மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தேன் என்று ஒருவர் எழுதுவார். இரவு உணவு ஒத்துக்கொள்ளவில்லை, விடியும்வரை குமட்டல் என்று இன்னொருவர் எழுதுவார். புதுப் பெயின்ட் வாசனையால் தலை பிளந்துவிட்டது என்று மூன்றாமவர் புலம்புவார். மூவரும் ஒற்றை நட்சத்திரம் தந்திருப்பார்கள். பழி சன்னல் மீதும் சமையற்காரர் மீதும் போகும். அந்த விடுதி கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்ற செய்தி மட்டும் எங்கும் இருக்காது.

வெளியூர்ப் பயணம் புறப்படுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் மருத்துவப் பணியின் பெரும்பகுதி. தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள், மலேரியா மாத்திரை பற்றிக் கேட்கிறார்கள், வயிற்றுப்போக்குக்கு என்ன எடுத்துப்போவது என்று கேட்கிறார்கள். முதல் இரவு எந்த உயரத்தில் தூங்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. விமான இருக்கையின் கால்வைக்கும் இடைவெளியை அங்குலக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தவருக்குக்கூட இது தெரியாது.

உயரத்தில் ஆக்ஸிஜன் 'குறைவு' என்பதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். லடாக்கின் லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. எவரெஸ்ட் அடிவார முகாமில், அதாவது 5,364 மீட்டரில், பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சின் வேகம் கூடும், சிறுநீரகங்கள் இரத்தத்தின் காரநிலையைச் சரிசெய்யும். ஆனால் அதற்குச் சில நாட்கள் தேவை. விமானம் அந்த நாட்களைத் தருவதில்லை. உடல் பழகுவதற்குள் வரும் தொல்லைதான் உயரநோய்.

டெல்லியிலிருந்து லேவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் ஏறும் உயரம் 3,000 மீட்டருக்கு மேல். பொலிவியாவின் லா பாஸ் நகருக்கான எல் ஆல்டோ விமான நிலையம் ஏறத்தாழ 4,060 மீட்டரில் இருக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 2013-இல் திறக்கப்பட்ட தாவோசெங் யாடிங் விமான நிலையம் 4,411 மீட்டரில். வழக்கமாக விமானத்துக்குள்ளே காற்றழுத்தத்தை 2,400 மீட்டருக்கு ஒப்பான நிலைக்குக் கீழே விடமாட்டார்கள்; போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் 1,800 மீட்டரை ஒட்டி வைத்திருப்பார்கள். ஆகவே எல் ஆல்டோவில் இறங்கும்போது ஒரு விந்தை நடக்கிறது. விமானம் கீழே இறங்க இறங்க, உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மேலும் குறைக்கப்படுகிறது. கதவு திறக்கும்போது, மேகங்களுக்கு மேலே நீங்கள் சுவாசித்துக்கொண்டிருந்ததைவிட மெல்லிய காற்று வரவேற்கிறது.

திபெத்தின் லாசாவுக்கு ரயிலில் போனால் பழகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2006-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை டாங்குலா கணவாயில் 5,072 மீட்டரைத் தொடுகிறது. பெட்டிகளுக்குள் கூடுதல் ஆக்ஸிஜன் செலுத்துகிறார்கள். சீனாவின் ஷினிங் நகரிலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். நல்ல பயணம்தான், ஆனால் உடல் பழகுவதற்கு அது போதாது.

தினமும் ஓடுகிறேன், உடற்பயிற்சி செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். உடல் வலிமைக்கும் உயரநோய்க்கும் தொடர்பில்லை. 1962 போரின்போது சமவெளியிலிருந்து இமயத்தின் முனைகளுக்கு இந்தியப் படைவீரர்கள் அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1,925 வீரர்களிடம் கண்ட உயரநோயைப் பற்றி இந்தர் சிங்கும் சக மருத்துவர்களும் 1969-இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களைவிட உடல் தகுதி உள்ள சுற்றுலாப் பயணிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் மூட்டுவலிக்காரத் தந்தை முதல் இரண்டு நாட்களும் அறையிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், நலமாகத் திரும்பினார். நெடுந்தூர ஓட்டக்காரரான மகன் இறங்கிய மாலையே குன்றின் மேலிருந்த மடாலயத்துக்கு விரைந்து ஏறினார். மிச்சப் பயணம் முழுவதும் அவர் படுக்கையில் கழிந்தது. தந்தை ஊர் சுற்றிப் பார்த்தார்.

உயரநோய் பெரும்பாலும் உயரமான ஊருக்கு வந்து சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் தலைவலியாகத் தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் வரலாம். மேலே ஏறாமல் ஓய்வெடுத்தால் ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவரும் இதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்கிறார்கள்: வாயு, பித்தம், பயணக் களைப்பு, நேற்றுத் தின்ற சிற்றுண்டி. உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, உயரநோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அது தீரும்வரை இன்னும் உயரமான இடத்தில் போய்த் தூங்கக் கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான உயிரிழப்புகளைத் தவிர்த்துவிடலாம்.

அலட்சியம் காட்டினால் இரண்டு வகையில் முற்றும். மூளையில் வீக்கம் ஏற்பட்டால் நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். ஐயம் இருந்தால் ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டிவைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இரண்டாம் வகை. இது பெரும்பாலும் இரண்டாம் இரவிலோ அதற்குப் பின்னரோ வரும். தலைவலி இல்லாமலும் வரலாம் என்பதால் ஏமாற்றிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நீலம் பாய்ந்த உதடு, நுரைத்த சளி ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. முடிந்தால் 1,000 மீட்டர், அல்லது நிலை தேறும்வரை. ஆக்ஸிஜன் கொடுத்தபடியே இறக்க வேண்டும். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

குழுவாகப் போகும்போது இது இன்னும் கடினம். 'என்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடுமே' என்று வாய் திறக்காமல் வண்டியின் பின்னிருக்கையில் சுருண்டு கிடப்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். குழந்தைகளுக்கோ சொல்லவே தெரியாது. சாப்பிட மறுத்து, தூங்காமல் சிணுங்கினால் அடம் என்று அதட்டாமல் உயரத்தை நினையுங்கள்.

பயணத்திட்டத்தை வரிசை மாற்றினாலே பாதி வேலை முடியும். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஒரு இரவு தங்க வேண்டும். கணக்கில் கொள்ள வேண்டியது தூங்கும் உயரம். பகலில் சற்று ஏறி இறங்குவதால் அவ்வளவு பாதிப்பில்லை. பெருவில் மாச்சு பிச்சுவைப் பார்க்கப் போகிறவர்கள் அதைத்தான் உயரமான இடம் என்று அஞ்சுகிறார்கள். அது 2,430 மீட்டர்தான். விமானம் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர். இறங்கியதும் நேரே தாழ்வான உருபாம்பா பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்கி, மாச்சு பிச்சுவைப் பார்த்துவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பொலிவியாவில் 2,800 மீட்டரில் உள்ள சுக்ரேயில் சில நாட்கள் இருந்துவிட்டு லா பாஸ் போவது நல்லது.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். அசெட்டசோலமைடு உண்டு, மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவோம். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா பானங்களின் சுவை கெட்டுவிடும். இந்த மாத்திரை நோயை மறைத்துவிடும் என்ற அச்சம் தேவையில்லை. உடல் பழகுவதைத்தான் அது விரைவுபடுத்துகிறது. ஸ்டீராய்டு வகையான டெக்சாமெத்தசோன் அப்படியல்ல. நோயின் தொல்லையைக் குறைக்கும், உடலைப் பழக்காது. நிறுத்தினால் தொல்லை திரும்பி வரலாம். நண்பர் கொடுத்தார் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், அண்மையில் வந்த மாரடைப்பு, நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் டிக்கெட் வாங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

கையடக்க ஆக்ஸிஜன் புட்டிகள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் வராது என்பது உண்மையல்ல. உடல் வறளாமல் இருந்தால் போதும். கொக்கெய்ன் எடுக்கப்படும் செடியான கோக்காவின் இலைத் தேநீர் நோயைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்றில்லை, ஆனால் போதைப்பொருள் சோதனையில் உங்களை மாட்டிவிடும். மதுவையும் தூக்க மாத்திரையையும் முதல் சில இரவுகளுக்கு ஒதுக்கி வையுங்கள். இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அரைமணிக்கொருமுறை மாட்டிப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். 3,500 மீட்டரில் 85 முதல் 90 விழுக்காடு வரை காட்டுவது பலருக்கு இயல்பு. எண்ணைவிட ஆள் எப்படி இருக்கிறார் என்பதே முக்கியம். குஸ்கோ, லாசா போன்ற நகரங்களில் சில விடுதிகள் அறைக்குள்ளேயே கூடுதல் ஆக்ஸிஜன் விடுகின்றன. நன்றாகத் தூக்கம் வரும். ஆனால் அந்த அறைக்குள் இருக்கும்வரை நீங்கள் தாழ்வான ஊரில் தூங்குவதற்குச் சமம். அடுத்த இரவு இன்னும் உயரமான முகாமில் என்றால், உடல் பழகத் தவறிய கணக்கு அங்கே தீர்க்கப்படும்.

பயண ஏற்பாட்டாளரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு வாங்கினால் எந்த வழியாகக் கீழே இறக்குவீர்கள்? லேயிலிருந்து நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் (நெடுங்காலம் அங்கிருந்த பலகை 5,602 என்று பெருமையடித்துக்கொண்டது). ஆனால் இரவு தங்கும் டிஸ்கிட், ஹுண்டர் பகுதிகள் லேயைவிடத் தாழ்வானவை. பாங்காங் ஏரிக் கரையோ 4,200 மீட்டருக்கு மேல். வந்து இறங்கிய மறுநாளே அங்கே கூடாரத்தில் தூங்கவைக்கும் பயணத்திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கமான பாதையில் அங்கிருந்து லேவுக்குத் திரும்ப வேண்டும் என்றால் முதலில் 5,300 மீட்டருக்கு மேலே உள்ள சாங் லா கணவாயில் ஏறித்தான் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகும் வண்டியில் உண்மையான ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும், அதைத் திறக்க ஓட்டுநருக்குத் தெரியுமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஏற்பாட்டாளரைப் பாருங்கள். உங்கள் பயணக் காப்பீடு எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதையும் அன்றைக்கே படித்துவிடுங்கள். பல காப்பீடுகளில் உயர வரம்பு உண்டு, அதற்கு மேலே ஹெலிகாப்டரை அழைத்தால் கட்டணம் உங்கள் தலையில்தான்.