கரியாக்கம் அல்ல, வறுத்தல்

திருப்புவனம் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். அனல்மின் நிலையத்தில் நிலக்கரிக்குப் பதிலாகப் பருத்திமாரையும் கருவேலங்கட்டையையும் எரிக்கலாம் என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். கையில் கொடுத்த நோட்டீஸில் ‘கரியாக்கம் செய்யப்பட்ட உயிர்த்திரள்’ என்று அச்சடித்திருந்தது. உயிர்த்திரள் என்றால் பயோமாஸ், எரிக்க எடுக்கும் செடி, கட்டை, தட்டை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, “கரி போடுறதுக்கா இம்புட்டு நேரம் பேசுறீக? எங்க மாமன் கமுதியில இருவது வருசமா மூட்டம் போட்டுக்கிட்டு இருக்காரு” என்றார். பேசியவர் அரை மணி நேரம் மறுத்தார். மறுத்த அரை மணி நேரமும் அதே ‘கரியாக்கம்’தான். இந்தச் சொல்லை இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். அதனால்தான் இது.

‘கரியாக்கம்’ என்று இவர்கள் தமிழாக்கியிருக்கும் ஆங்கிலச் சொல் டாரிஃபாக்‌ஷன் (torrefaction). லத்தீனில் ‘டொரேரே’ என்றால் காயவைத்தல், வறட்டுதல். டோஸ்ட் அதன் பேரப்பிள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் காப்பிக்கொட்டை வறுப்பதற்கு இன்றைக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் வறு, வறள், வறட்சி மூன்றும் காதுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகளாகப் படுகின்றன. சொல்வரலாறு இவ்வளவு போதும்.

செய்வது என்ன? மரத்துண்டையோ தட்டையையோ காற்றுப் புகாத, அல்லது மிகக் குறைவாகப் புகும் கலத்தில் போட்டு 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவது. காப்பிக்கொட்டை வறுபடுவதும் ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டித்தான். ஈரம் போய்விடும். கட்டையின் நாரைப் பிணைத்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் சிதையும். நூறு கிலோ உலர்ந்த கட்டை சுமார் எழுபது கிலோவாகக் குறையும். ஆனால் எரிசக்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் உள்ளேயே தங்கிவிடும். காப்பி நிறத்தில், கையால் ஒடித்தால் அப்பளம்போல் ஒடியும்.

மூட்டம் வேறு கதை. கட்டையை அடுக்கி, செத்தை போட்டு, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிடுவது. சூடு 400 டிகிரியைத் தாண்டும். நூறு கிலோ கட்டைக்குக் கால்பங்கு கரி தேறினால் பெரிய விஷயம். சக்தியில் பாதிக்கு மேல் புகையோடு போய்விடும். கமுதி மாமனுக்கு அதில் நட்டமில்லை, அவர் கரியை விற்கிறவர். மின் நிலையத்துக்கு அது கட்டுப்படியாகாது. இரண்டையும் ‘கரியாக்கம்’ என்று ஒரே பெயரில் அழைத்தால், பெரியவர் கேட்டதில் தப்பே இல்லை. மண்ணில் போடும் பயோசாருக்கு ‘உயிரிக்கரி’ என்ற பெயரும் ஏற்கெனவே புழங்குகிறது. நாளைக்கு ஒருவர் இதை வயலுக்கு அடியுரமா போடலாமா என்று கேட்பார். ‘உயிரி நிலக்கரி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நிலத்துக்குள் ஒருநாளும் கிடக்காததற்கு நிலக்கரி என்று பெயர்.

‘வறுத்தல்’ என்றால் அடுப்படிச் சொல்லாம், அறிவியலுக்கு ஆகாதாம். ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடமே சொன்னார். ஆனால் இந்த வேலையின் காரணமே அடுப்படியில்தான் இருக்கிறது. எங்கள் செல்லூர் மில்லில் மிளகாய்வத்தலை நமத்துப்போன பதத்தில் கொண்டுபோனால் மில்லுக்காரர் வாங்கமாட்டார். “வறுத்துட்டு வாங்க, இல்லேன்னா சல்லடையில அடைச்சுக்கும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அனல்மின் நிலையத்திலும் நிலக்கரியை மில்லில் மாவாக அரைத்துத்தான் உலைக்குள் ஊதுகிறார்கள். பச்சைக் கட்டையைப் போட்டால் அரைபடாது, நார் நாராகக் கிழிந்து அடைத்துக்கொள்ளும். வறுத்தது பொடியும், மழையில் கிடந்தாலும் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. அரைப்பதற்காக வறுக்கிறோம். ‘கரியாக்கம்’ இதைச் சொல்லுமா?

எதிர்த்தரப்புக்கு ஒரு பிடி இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2021 அக்டோபரில் மத்திய மின்துறை வெளியிட்ட கொள்கை, நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட், அதாவது தட்டை, கட்டையைப் பொடித்து அழுத்திய வில்லை, கலந்து எரிக்கச் சொன்னது. அதில் குழாய் வடிவ மில் வைத்திருக்கும் நிலையங்களுக்கு மட்டும், ஆவியாகும் பொருள், அதாவது சூடாக்கினால் புகையாகவும் வாயுவாகவும் பிரிந்து போவது, 22 சதவீதத்துக்குக் குறைந்த வறுத்த பெல்லட் வேண்டும் என்றிருந்தது. சாதாரணமாக வறுத்த கட்டையில் அது பாதிக்கும் மேல் இருக்கும். 22 என்றால் கரியின் வாசலுக்கே வந்தாகிவிட்டது. சரி, அந்தச் சரக்கைக் கரி என்றே சொல்லட்டும். வறுத்தது தீய்ந்தால் கரி என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதா? இளவறுப்பாக, பொன்னிறமாக, சிவக்க, கருக என்று இத்தனை படிகளை வைத்திருக்கும் மொழியில், 200, 250, 300 டிகிரிக்குத் தனித்தனியாகப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் ‘கருக்கல்’ என்றார். எங்கள் ஊரில் கருக்கலில் எழுந்து பால் கறக்கப் போவார்கள், அதனால் வேண்டாம். காற்றில்லாமல் நடக்கிறதே, வறுத்தல் பொருந்துமா என்று இன்ஜினியர் யாராவது கேட்டால் ‘மூடிவறுத்தல்’ என்று வைத்துக்கொள்ளட்டும். கிடைக்கும் பொருளுக்கு நான் சொல்வது வறுவிறகு. வறுகடலை மாதிரியே வினைத்தொகை, விளக்கம் கேட்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த நோட்டீஸில் பருத்திமார், சோளத்தட்டை, கடலைத்தோல் எல்லாம் ‘வேளாண் கழிவுகள்’ ஆகியிருந்தன. எங்கள் அம்மா பருத்திமாரை அடுப்புக்குக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைப்பார். அவரிடம் போய் அதைக் கழிவு என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ‘உயிர்த்திரள்’ என்கிறார்களே, அதைக் கேட்டு அந்தக் கூட்டத்தில் ஒருவர் முகமாவது அசைந்ததா என்று பார்த்தேன். இல்லை.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பெரியவரிடம், “கரி போடுறதில்லங்கய்யா, வறுக்கிறது” என்றேன்.

“மல்லி வறுக்கிற மாதிரியா?”

“ஆமா. அரைக்கிறதுக்கு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப பருத்திமாரும் எடுப்பாகளா? கிலோ என்ன வெல போகும்?”